மேலே சூடு, உள்ளே பச்சை மாவு

சென்னையில் ஊதுலை கிடையாது. ஆனாலும் கிண்டியில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ வடக்கே இரும்பு உருக்கும் ஓர் உலையின் எண்களைப் பார்ப்பதுதான் ஆறு வருடம் என் வேலை.

சேர்ந்த புதிதில் நடந்தது. உச்சியில் வெளியேறும் வாயு அங்கே வழக்கமாக 150 டிகிரியை ஒட்டியே இருக்கும். அன்று ஏறி ஏறி 300-ஐத் தாண்டியது. உலை நன்றாகச் சூடேறிவிட்டது என்று உற்சாகமாகப் போன் போட்டேன். ஷிஃப்டில் இருந்த திருநெல்வேலிக்கார அண்ணன் சிரிக்கவில்லை. "தம்பி, சூடு மேல வருதுன்னா கீழ வேலை பாக்கலன்னு அர்த்தம். வாயு சுவரோரமா வழி பண்ணிக்கிட்டு ஓடுது."

கணக்கு எனக்கும் தெரியும். கீழே 1,100 டிகிரி காற்றை ஊதுகிறோம். கோக், அதாவது காற்றில்லாமல் சுட்டெடுத்த நிலக்கரி, எரியும் வாயிலில் 2,000-ஐத் தாண்டும். அந்த வாயு இருபது மீட்டருக்கு மேல் ஏறி வெளியே வரப் பத்து விநாடிகூட ஆகாது. மேலே போட்ட சரக்கு, அதாவது இரும்புத் தாதும் கோக்கும், இறங்கித் தாது உருகவோ ஆறிலிருந்து எட்டு மணி நேரம். அந்தச் சில விநாடிக்குள் வாயு தன் சூட்டைத் தாதுவுக்குக் கொடுத்து, அதிலுள்ள ஆக்சிஜனையும் பறித்துவிட வேண்டும். தெரிந்தும் உறைக்கவில்லை.

உறைக்க வைத்தது வீட்டில் அவித்த புட்டு. மிஷின்காரர் மாவை நைசாக அரைத்துவிட்டார். ஆவி ஓர் ஓரமாகப் பீறிட்டு வந்தது. வெந்துவிட்டதென்று அம்மா தள்ளினால் பாதி பச்சை மாவு!

உலையிலும் தாது ஓர் அடுக்கு, கோக் ஓர் அடுக்குதான். 1,200 டிகிரி வாக்கில் தாது இளகி ஒட்டிக்கொண்டு வழியை மறிக்கும். அங்கே வாயுவுக்குத் தேங்காய்த் துருவல் மாதிரி வழிவிடுவது கோக் அடுக்கு மட்டுமே. தூள் அதையும் அடைத்தால் முடிந்தது கதை.

அங்கே அதுதான் ஆகியிருந்தது. மழையில் நனைந்த தாது ஒட்டிச் சல்லடைக் கண்கள் அடைபட்டு, 5 மில்லிமீட்டருக்குக் கீழான தூளெல்லாம் உள்ளே போயிருக்கிறது. சரக்கு இறங்காமல் தொங்கியது. காற்றைக் குறைத்ததும் தடாலென்று சரிந்தது. அரைவேக்காட்டுத் தாது அடிக்கு வந்து, அடுத்த இரண்டு முறை உலையைத் திறந்துவிட்டபோதும் உருகிய இரும்பு சூடு குறைந்தே வந்தது. என் கணினி மாதிரியிலோ எல்லாத் துகளும் ஒரே அளவு!

அப்புறம் வெப்பநிலை வரைபடத்துக்கு முன்னால் சல்லடை ரிப்போர்ட்டைத்தான் திறந்தேன். அம்மாவிடமும் ஒருநாள் "மாவு எந்த அளவு?" என்று கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.