டெங்கு ஆர்என்ஏவில் மெத்தில் குறி தேடும்போது

குலசேகரம், திருவட்டாறு பக்கம் மழை விட்டதும் ரப்பர் பால் சிரட்டைகளில் தண்ணீர் தேங்கும். அதில் ஏடிஸ் கொசு பெருகும். அது சுமக்கும் டெங்கு வைரஸின் மரபுப்பொருள் சுமார் 10,700 எழுத்துகள் கொண்ட ஒற்றை இழை ஆர்என்ஏ.

அந்த இழையின் தலைப்பில் 2 மெத்தில் குறிகள் (எழுத்தில் ஒட்டும் சிறு வேதிக்குறிகள்) உண்டு. இரண்டையும் வைரஸின் என்எஸ்5 புரதமே போடுகிறது. தலைப்பின் குவானின் எழுத்தில் விழும் குறி நம் ரைபோசோமை ஏமாற்றிப் புரதம் செய்ய வைக்கும். அடுத்த எழுத்தின் சர்க்கரையில் விழும் குறி, ஐஎஃப்ஐடி1 என்ற காவல் புரதத்தின் பிடியிலிருந்து தப்ப வைக்கும். இந்த இரண்டாவதுதான் எனக்கு மிகவும் வியப்பு.

இழையின் நடுவே எம்6ஏ குறி (அடினைன் எழுத்தில் விழும் மெத்தில் குறி) தேடுவோர் சறுக்குவது முதல் படியிலேயே. டெங்கு ஆர்என்ஏவுக்குப் பாலி-ஏ வால் (இழையின் முடிவில் வரும் ஏ எழுத்துத் தொடர்) கிடையாது. அந்த வாலைப் பிடிக்கும் ஒலிகோ டிடி மணிகளில் பிரித்தால் வைரஸ் கழுவுநீரோடு போய்விடும். ரைபோசோம் ஆர்என்ஏவை நீக்கும் முறையே சரி. பிறகு 100 எழுத்து அளவில் துண்டாக்கி, எம்6ஏவைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் பிரியுங்கள்; ஒரு பங்கை மட்டும் ஆன்டிபாடி சேர்க்காமல் தனியே எடுத்து வையுங்கள். அந்தப் பங்கோடு ஒப்பிடாமல் கிடைக்கும் உச்சங்களை (துண்டுகள் குவியும் இடங்களை) நம்ப வேண்டாம். ஆன்டிபாடி, எம்6ஏஎம் என்ற வேறொரு குறியையும் பிடிக்கும். குறியே இல்லாமல் சோதனைக்குழாயில் செய்த டெங்கு ஆர்என்ஏவையும் கூடவே ஓட்டுங்கள். அதிலும் அதே உச்சம் வந்தால் அது பொய்க்குறி.