நிலக்கீழறையில் கொடிகாமம்

கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்த மூன்றாவது மாரியில்தான் அப்பாவுக்கு ஒரு வேலை கிடைத்தது. சம்பளமில்லை. அயல்வீட்டுக்காரர் வீடு மாறும்போது எங்களுக்குத் தந்துவிட்டுப் போன எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகையில், ரயில் ஓட ஒரு ஊர் கட்டுகிற வேலை.

தண்டவாளம் ஏற்கெனவே பூட்டியிருந்தது. மகனுக்குப் பனிமலையும் சுரங்கமும் வேணும். அப்பாவுக்கு யாழ்ப்பாணத் தென்மராட்சியிலுள்ள கொடிகாமம் ஸ்டேசன். பகல் முழுக்க வீட்டில் இருக்கிறவர் வென்றார்.

மலைக்கென்று வாங்கிய ஃபோம் பலகை முக்கால்வாசி மிஞ்சிவிட்டது. தட்டையான ஊருக்குத் தண்டவாள மேடு ஒன்று போதும். மகன் படங்களில் பார்த்தபடி நிலத்துக்குச் சிவப்புப் பூசிவிட்டான். "செம்மண் வலிகாமத்திலயடா. தென்மராட்சி மணல்." பிறகு புளஃபர்ஸ் பார்க் கரையில் ஒரு பை மணல் அள்ளிவந்து, என்ர மா அரிதட்டில் அரித்தார்கள். அந்த அரிதட்டு திரும்பச் சமையலறைக்கு வரவில்லை.

பனைதான் பெரிய பாடு. கடையில் விற்கிற மரமெல்லாம் தென்னைச் சாயல். எங்கட ரயில் 1:87 அளவு, அப்ப இருபது மீற்றர்ப் பனை 23 சென்ரிமீற்றர் என்று மகன் கணக்குப் போட்டான். முறுக்கிய கம்பியில் கபில நூல் சுற்றித் தண்டு, பச்சைக் கடதாசியை விசிறியாக மடித்து ஓலை. அப்பா திருப்திப்படவில்லை. "காவோலை எங்க? காவோலை இல்லாமல் பனையோ?" குடித்து முடித்த தேயிலைப் பையின் கடதாசியை நறுக்கி, வட்டுக்குக் கீழே ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார். சாயமேறிய அந்தக் கடதாசி அச்சொட்டாகக் காய்ந்த ஓலை.

பையிலிருந்த தேயிலைச் சக்கையை மரத்தடிச் சருகாகத் தூவினோம். சரியாகக் காயவிடவில்லை. இரண்டு கிழமையில் ஸ்டேசனுக்குப் பின்னால் வெள்ளைப் பூஞ்சணம். வழித்தெறிந்துவிட்டு, அடுத்த சக்கையை ஓவனில் வாட்டினேன். வெள்ளைப் பசைக்குச் சரிபாதி தண்ணீர், அதோடு கோப்பை கழுவுகிற சவர்க்காரம் ஒரு துளி. சவர்க்காரம் இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காது, முத்து முத்தாக மேலே நிற்கும், தூள் மிதக்கும்.

எந்த எஞ்ஜின் விடுவது என்பதில்தான் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். 1954 இல் கொழும்புத் திட்ட உதவியாகக் கனடா இலங்கைக்குக் கொடுத்த எம்2 டீசல்களுக்கு அல்பர்ட்டா, ஒன்ராறியோ என்று மாகாணப் பெயர்கள். "நான் சின்னனிலயே ஒன்ராறியோவைப் பார்த்தனான்," என்றார் அப்பா. மகன் நம்பவில்லை, தேடிப் பார்த்துவிட்டுத்தான் தூரிகையை எடுத்தான். எங்கட ஊர்ப் பாதை அகலப்பாதை, இந்த அளவில் 19 மில்லிமீற்றராவது வேணும், இந்தப் பலகைத் தண்டவாளமோ 16.5. அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்று என்னிடம் இரகசியமாகச் சொன்னான்.

"எந்த வருசத்து ஸ்டேசன், அம்மப்பா?"

"எழுபத்தெட்டு."

1990 இல் யாழ்தேவி ரயில் நின்றதும், சிலிப்பர்க் கட்டைகள் பங்கருக்குப் போனதும், 2014 இல் திரும்பவும் யாழ்ப்பாணம் வரை ஓடியதும் அந்தப் பலகையில் இல்லை.

கடைசியாகப் பெயர்ப்பலகை. சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் அச்சடித்து ஒட்டினோம். தமிழை மட்டும் மகன் கையால் எழுதினான், நாக்கைக் கடித்துக்கொண்டு. ஒட்டினபிறகுதான் பார்த்தேன்: 'கோடிகாமம்'.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து வாசித்தார்.

"பசை காயட்டும், தொடாதேங்கோ," என்றார்.