புதுக்கோட்டையும் பெண்களின் சைக்கிளும்

"பொம்பளை சைக்கிள் ஓட்டினா நல்லாவா இருக்கும்?" 1990களின் தொடக்கம் வரை நம் கிராமங்களில் இதை யாரும் கேட்கக்கூடத் தேவைப்படவில்லை. கேட்காமலே எல்லோரும் கீழ்ப்படிந்தார்கள்.

புதுக்கோட்டையில், படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்தறிவு கொடுக்கும் அறிவொளி இயக்கம் 1991-ல் தொடங்கியது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வைத்தார். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் வந்தார்கள். வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தும் இருந்தது, முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமானது. தண்ணீர் எடுக்கவும் காய்கறி விற்கவும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

கேலியும் கெட்ட பேச்சும் இல்லாமலில்லை. ஆனால் ஒருத்தி தனியாக ஓட்டியிருந்தால் "அடங்காதவள்" என்று முத்திரை குத்தி முடித்திருப்பார்கள். தெருவே ஓட்டும்போது யாருக்குக் குத்துவது? சுதந்திரத்தை எப்போதும் தனிமனித தைரியக் கணக்கில் மட்டும் எழுதுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூட்டத்தின் மீதான பயத்தை இங்கே இன்னொரு கூட்டம்தான் உடைத்தது.

சரி, பிறகு பள்ளி மாணவிகளுக்கு அரசே சைக்கிள் கொடுத்தது. இப்போது அதே ஊர் ஆண்களும் மகளை ஸ்கூட்டியில் அனுப்புகிறார்கள், கூடவே பெண்கள் வண்டி ஓட்டுவதைப் பற்றிய வாட்ஸப் ஜோக்கையும் ஃபார்வர்ட் செய்கிறார்கள்.

புதுக்கோட்டைக்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா? அன்று சைக்கிள் பழகிய அம்மா, அத்தை கதை இருந்தால் கீழே எழுதுங்கள்.