அளவு நாடாவும் கெட்டிப்பால் தேநீரும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகச் சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்த உடல்நலப் பரிசோதனையில், இடுப்பை அளக்கும் பணி எனக்கு வாய்த்தது. நீரிழிவு வரும் வாய்ப்பு கூடும் என்று எச்சரிக்கும் வரம்பான, ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டியவர்கள் பலர். நாள் முழுதும் குலை வெட்டி வியர்வை சிந்தும் தமக்கு இனிப்புநீர் (நீரிழிவு) எப்படி வரும் என்று ஓர் அண்ணன் கேட்டார். ஆனால் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போகும்போதும், பத்து மணிக்குப் பசியாறும்போதும், வேலை முடிந்த பின்னும் அவர் குடிப்பது, குவளையின் அடியில் சர்க்கரை நிறைந்த கெட்டிப்பால் இரண்டு விரற்கடை படிந்த தேநீர்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கும், அவர்களுள் இந்திய வம்சாவளியினரை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு காணப்பட்டது. ஒருமுறை குருதியைச் சோதித்து அனுப்பிவிடுவது போதாது. புகை, மது, உணவு, உடலுழைப்பு ஆகியவற்றையும் கேட்டுப் பதிந்து, அதே ஆட்களை மீண்டும் மீண்டும் அளந்தால்தான் மாற்றம் தெரியும். அண்ணனின் அட்டையில் அடுத்த தேதியை நானே எழுதிக் கொடுத்தேன்.