மெத்தடோன் குடிப்பவருக்கும் வலிக்கும்

பினாங்கில் நான் தாதியாகச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், காலில் இருந்த சீழ்க்கட்டியைக் கீறிச் சுத்தம் செய்தபின் எங்கள் வார்டுக்கு அனுப்பப்பட்ட பட்டர்வொர்த்காரர் ஒருவர், இரவெல்லாம் "மிஸ்ஸி, வலி தாங்க முடியவில்லை" என்று அழைத்துக்கொண்டே இருந்தார். ஹெராயினை விடுவதற்காகக் கிளினிக்கில் தினமும் மெத்தடோன் குடித்து வந்தவர் அவர். பணியை ஒப்படைத்த தாதியோ என்னிடம் "போதைக் கேஸ்" என்று மட்டுமே சொல்லியிருந்தார். "காலையில்தான் மருந்து குடித்தீர்களே, அண்ணே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன், மருத்துவரை அழைக்கவில்லை. விடிந்ததும் அவர், சொந்தப் பொறுப்பில் வெளியேறுவதாகக் கையெழுத்திட்டு, ஆறாத புண்ணோடு போய்விட்டார்.

என் பதிலில் இரக்கம் மட்டுமன்று, அறிவும் குறைந்திருந்தது. மலேசியாவில் 2005ஆம் ஆண்டு தொடங்கிய மெத்தடோன் சிகிச்சையில், ஒரு வேளை மருந்து ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் போதைப்பொருளை நிறுத்துவதால் வரும் உபாதைகளைத் தடுக்கிறது. ஆனால் அதன் வலி தணிக்கும் ஆற்றலோ 4 முதல் 8 மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. காலையில் குடித்த மருந்து நள்ளிரவு வலிக்கு எப்படி உதவும்? அதிலும், இத்தகைய மருந்துகள் நெடுநாள் பழகிய உடலில் வலிமருந்தின் வழக்கமான அளவு எளிதில் எடுபடாது. வலியுணர்வே கூர்மையாகிவிடுவதும் உண்டு. ஆகவே தினசரி மெத்தடோனை நிறுத்தாமல், வலிக்குத் தனியாக மருந்து கேட்டு வாங்கி, மூச்சையும் மயக்கத்தையும் கவனித்தபடி கொடுக்க வேண்டியது நம் கடமை.

நோயாளி நடிக்கிறார் என்று ஐயுறும் இளம் தாதியரிடம், அவருடைய கண்மணி விரிந்திருக்கிறதா, தோல் மயிர்க்கூச்செறிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வேன். இவை போதைப்பொருள் நிறுத்தத்தால் வரும் உபாதையின் அடையாளங்கள்; இவற்றை எளிதில் நடித்துக் காட்ட முடியாது.

கடைசியாக எப்போது மருந்து குடித்தார் என்ற கேள்வி இன்னும் முக்கியமானது. சில நாட்கள் குடிக்காமல் விட்டவருக்குப் பழைய அளவையே கொடுத்தால் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு. விட்டுப்போன நாட்களை அவர் ஒளிக்காமல் சொல்வது, திட்டமாட்டார் என்று நம்பும் தாதியிடம்தான். அதனால் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பிறர் காதில் விழாமல் கேட்கிறேன். அவர் சொன்ன அளவைக் கிளினிக்கில் உறுதிசெய்கிறேன். புண்ணின் கட்டைப் பிரிக்கும் நேரத்தையும் வலிமருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகே வைத்துக்கொள்கிறேன்.