மேற்குச் சுவருக்கு ஒரு கூரை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முகப்புச் சுவரில் மாடி உயரத்தில் ஒட்டியிருந்த எலிவேஷன் டைல் ஒன்று பெயர்ந்து வாசல் படியில் விழுந்து நொறுங்கியது. என் மகள் தினமும் பள்ளிக்குக் கிளம்பும்போது உட்கார்ந்து ஷூ மாட்டுகிற படி அது. அன்று பள்ளி இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றி நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

எங்கள் வீடு தென்காசியில், மேற்குப் பார்த்த வாசல். மறுநாளே சாரம் கட்டி ஒவ்வொரு டைலாகத் தட்டிப் பார்த்தோம். பாதிக்கு மேல் உள்ளே வெற்றிடமாகச் சத்தம் கொடுத்தன. கழற்றினபோது காரணம் தெரிந்தது. டைலின் முதுகு முழுக்கக் கலவை தடவாமல், நடுவில் ஒரு உருண்டை, மூலைக்கு ஒரு உருண்டை என்று வைத்து அழுத்தியிருந்தார்கள். மாசி தொடங்கி வைகாசி வரை மேற்கு வெயில், அப்புறம் ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற காற்றும் சாரலும். காய்ந்து, நனைந்து, விரிந்து, சுருங்கி அந்த உருண்டைகள் பிடியை விட்டுவிட்டன. டைலுக்குப் பின்னால் தேங்கின தண்ணீரில் சுவர் பச்சைப் பாசி படிந்து கிடந்தது.

எல்லாவற்றையும் கழற்றியாகிவிட்டது. இனி என்ன செய்வது? கேட்டவர்கள் எல்லோரும் ஏசிபி ஷீட் என்றார்கள். கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் பளபளவென்று பார்க்கிறோமே, அதுதான். மெல்லிய அலுமினியத் தகடு இரண்டு, நடுவில் பெரும்பாலும் பாலிஎத்திலீன். லண்டன் கிரென்ஃபெல் கட்டடம் 2017 ஜூன் 14 அன்று எரிந்தது இந்த வகை உறையால்தான். 24 மாடிக் குடியிருப்பு. நாலாவது மாடியில் ஒரு ஃபிரிட்ஜில் தொடங்கிய தீ வெளிச்சுவர் உறையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. 72 பேர் இறந்தார்கள். தீயை ஓரளவு தாங்கும் ரகங்கள் இப்போது கிடைக்கின்றன என்றாலும், என் குழந்தை தூங்குகிற அறைச் சுவரில் பிளாஸ்டிக் நிரப்பிய தகட்டை அடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

வழி காட்டியது அம்மா. ஆச்சி வீடு மண்சுவர் வைத்த ஓட்டு வீடு. வைகாசி முடியும் முன்பே மேற்குப் பக்கம் ஓலைத் தட்டி கட்டிவிடுவார்களாம். "தட்டிய செவுத்தோட ஒட்டிக் கெட்டக்கூடாதுடா, ஒரு சாண் தள்ளிக் கெட்டணும். ஒட்டிக் கெட்டுனா தண்ணி செவுரத் தின்னுரும்" என்று அம்மா சொன்னபோது எனக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. எங்கள் டைல் ஏன் விழுந்தது என்பதற்கும், அடுத்து நான் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் அந்த ஒரு பேச்சில் பதில் இருந்தது. எதைப் போட்டாலும் சுவரோடு ஒட்டக் கூடாது, தொங்கவிட வேண்டும். நடுவே காற்று போக வேண்டும்.

சரி, எதைத் தொங்கவிடுவது? கட்டடக்கலை படிக்கும் தங்கை மகள் சில படங்கள் அனுப்பினாள். ஜப்பானில் சுகி என்ற மரத்தின் பலகையைக் கருகச் சுட்டு வெளிச்சுவரில் அடிக்கிறார்கள், யாக்கிசுகி என்று பெயர். நவி மும்பையில் இடித்த வீடுகளின் கதவு ஜன்னல்களையே சேர்த்து முகப்பாக்கிய வீடு ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் கென்ட், சசெக்ஸ் பக்கம் கூரை ஓட்டையே செங்குத்தாகச் சுவரில் அடிக்கும் வழக்கம் பல நூறு வருடமாக உண்டு. அந்தக் கடைசிப் படத்தில் நான் நின்றுவிட்டேன். எங்கள் ஊர்ப்பக்கம் வாரத்துக்கு ஒரு ஓட்டு வீட்டை இடிக்கிறார்கள். சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு, அம்பாரம் அம்பாரமாகக் கிடக்கிறது. எரியாது, வெளுக்காது, மழைக்கென்றே பிறந்த பொருள்.

செங்கோட்டைச் சாலையில் பழைய சாமான் கடை ஒன்றில் ஓடு 15 ரூபாய் என்று 750 வாங்கினேன். நூறு சதுர அடிக்கு 150 ஓடு என்பது ஓடு மேய்கிறவர்களின் கணக்கு. கதவு, ஜன்னல் கழித்து எங்கள் சுவர் 400 சதுர அடி, ஆக 600 வேண்டும். மிச்சம் உடைசலுக்கு. வாங்கும்போது ஒவ்வொன்றையும் ஒரு கையில் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்ட வேண்டும். 'டங்' என்றால் எடுக்கலாம், 'டொக்' என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது.

அங்கே நான் கோட்டைவிட்ட விஷயம் ஒன்று உண்டு. ஓடு எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு தொழிற்சாலையின் அச்சும் வேறு, ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் வரம்பு உட்காராது. வீட்டுக்கு வந்து கம்பி பிரஷ்ஷால் பாசி தேய்க்கும்போதுதான் முதுகில் இருக்கும் எழுத்துகளைப் பார்த்தேன். மூன்று நாள் உட்கார்ந்து பெயர் வாரியாகப் பிரித்ததில் 130 ஓடு எதோடும் சேரவில்லை. திருப்பிக் கொடுத்து மாற்றினேன். வாங்கின ஓடுகளில் ஒன்றே ஒன்றில் பேசல் மிஷன், 1865 என்று இருந்தது. அது செய்த வருடம் இல்லை, மங்களூரில் அந்த சுவிஸ் கிறிஸ்தவ மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம். முதல் உலகப் போரையொட்டி அந்தத் தொழிற்சாலைகள் கைமாறிப் பெயரும் மாறிவிட்டதால், அந்த ஓட்டுக்கு எப்படியும் நூறு வயது தாண்டியிருக்கும். ஓரத்தில், ஈரமாக இருந்தபோது யாரோ தூக்கிய இடத்தில், ஒரு கட்டைவிரல் பள்ளம். என் விரலை வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்தியது. அதை மாட்டவில்லை, பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இனி எடை. ஒரு ஓடு இரண்டரை கிலோ, 600 ஓட்டுக்கு 1,500 கிலோ. இரும்புச் சட்டம் இன்னொரு 250 கிலோ. ஒன்றே முக்கால் டன்னைச் சுவரில் தொங்கவிடப் போகிறோம் என்பதால் இன்ஜினியரைக் கேட்காமல் கை வைக்கவில்லை. அவர் சொன்னது ஒன்றுதான்: "செங்கல நம்பாதீங்க சார். பேஸ்மட்டம் பெல்ட், லிண்டல், ரூஃப் பீம், மூணையும் பிடிங்க." அப்படியே மூன்று அடிக்கு ஒன்றாக ஒன்றரை இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சதுரப் பைப்பை நிற்க வைத்து, அந்த மூன்று கான்கிரீட் பட்டைகளிலும் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கினோம். அதன் குறுக்கே, ஓட்டின் கொக்கி மாட்டுகிற மாதிரி பன்னிரண்டரை இஞ்சுக்கு ஒரு இஞ்ச் பைப் ரீப்பர். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி கிடைத்தது. வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், அங்கெல்லாம் சிங்க் பெயிண்ட் இரண்டு கை அடித்தோம். நான் சாரத்தில் ஏறி ஒவ்வொரு இணைப்பையும் பார்த்தேன்.

ஓடு மாட்ட வந்த பெரியவர் நாற்பது வருடமாகக் கூரை மேய்கிறவர். "அண்ணாச்சி, இது படுத்துக் கெடக்குற சாமான். நிக்க வச்சா நிக்குமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சரிவான கூரையில் ஓட்டின் எடையே அதை அழுத்தி வைக்கும். செங்குத்துச் சுவரில் அந்த அழுத்தம் இல்லை. கொக்கியை மட்டும் நம்பி முப்பது ஓட்டை மாட்டிப் பார்த்தோம். ஆனி மாதம். அன்றிரவு காற்று ஏறினதும் முப்பதும் சேர்ந்து தாளம் போட்டன. ஒருவரும் தூங்கவில்லை. விடிவதற்குள் இரண்டு கீழே கிடந்தன.

தங்கை மகளிடம் சொன்னேன். இங்கிலாந்தில் சுவர் ஓடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆணி அடிப்பார்கள் மாமா என்றாள். ஆக, ஒவ்வொரு ஓட்டிலும் இரண்டு துளை. டிரில்லிங் மெஷினை ஹேமரில், அதாவது இடித்துத் துளைக்கும் முறையில், வைத்தால் ஓடு பிளந்துவிடும், இருபது ஓடுகளை இழந்துதான் அதைக் கற்றோம். ஹேமரை அணைத்துவிட்டு, மெதுவான வேகத்தில், ஈரத்துணி மேல் ஓடு வைத்துத் துளைத்தால் சுத்தமாக இறங்கியது. துளை மேல் விளிம்பில் இருக்க வேண்டும், அடுத்த வரிசை அதை மூடிவிடுவதால் ஸ்க்ரூவில் மழை படாது. ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, அடியில் ரப்பர் வாஷர். இறுக்கி முடுக்கக் கூடாது, கையில் லேசாகத் தடுக்கும்போது நிறுத்திவிட வேண்டும். வால் பக்கம், அதாவது கீழ் நுனி, ஆடாமல் இருக்க ஒரு பொட்டு சிலிக்கான், அவ்வளவுதான். விளிம்பு முழுக்கப் பூசினால் காற்று அடைபடும்.

மூலையை எப்படி முடிப்பது என்று இரண்டு நாள் யோசித்தோம். பெரியவர்தான் முகட்டில் கவிழ்க்கும் மோட்டு ஓட்டைச் செங்குத்தாக வைத்துப் பார்த்தார். சட்டை மடிப்பு மாதிரி அழகாக உட்கார்ந்தது. ஜன்னல் தலைக்கு மேல் தகடு மடித்து வைத்தோம். அடியிலும் மேலேயும் காற்று வாயை மூடக் கூடாது, ஆனால் அணிலும் குளவியும் குடியேறிவிடும் என்பதால் ஸ்டெயின்லெஸ் வலை அடித்தோம்.

செலவு, சாரம் உட்பட 96,000 ரூபாய். ஏசிபிக்குச் சொன்ன தொகையைவிடக் குறைவுதான், ஆனால் நாள் அதிகம். முழுசாக ஏழு வாரம்.

ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரில் வெளியே ஏறுகிற சூடு உள்ளே வந்து சேர ஏழெட்டு மணி நேரம் ஆகும். அதனால்தான் மேற்கு அறை நடு இரவில் கொதிக்கும். சாய்ந்து வருகிற மாலை வெயிலுக்கு சன்ஷேடும் உதவாது. வேலைக்கு முந்தின சித்திரையில் இரவு பத்து மணிக்கு உள்சுவரை வெப்பமானியால் அளந்து குறித்து வைத்திருந்தேன், 37 டிகிரி. அடுத்த சித்திரையில், அதே போல வானம் தெளிந்த ஒரு நாளில், 33. அன்று மாலை நாலு மணிக்கு ஓட்டின் மேற்பரப்பு 52 காட்டியது. மேல் வலைக்குப் பக்கத்தில் கையை நீட்டினால், அடுப்பங்கரைப் புகைக்கூண்டு மாதிரி சூடான காற்று ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அத்தனை சூடும் வீட்டுக்குள் வந்திருக்க வேண்டியது.

சாரல் தொடங்கின வாரம் அம்மா குடையோடு வாசலுக்கு வந்து நின்றாள். ஓடு முழுக்க நனைந்து கருஞ்சிவப்பாக மின்னியது. கீழ் வரிசைக்கு அடியில், வலையின் ஒரு ஓரத்தை நெகிழ்த்தி, கையை உள்ளே விட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தாள். கையை எடுத்து என் கன்னத்தில் வைத்தாள். காய்ந்திருந்தது.