காந்தத்தில் ஒட்டிய ரோட்டு மண்

வண்டிகளும் பட்டறைகளும் விடும் உலோக மாசு எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்க்க, சென்னை பல்லாவரம் பக்கம் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையோர மண்ணைக் காந்தம் வைத்துத் துழாவும் வேலை எதுவரை வந்திருக்கிறது என்று எழுதிவைக்கிறேன்.

மண்ணை வெயிலில் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்து, 100 கிராம் எடுத்துக்கொள்கிறேன். தூசி மூக்கில் ஏறும், மாஸ்க் போட்டுக்கொள்வது நல்லது. நியோடிமியம் காந்தத்தை பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுத்தான் துழாவ வேண்டும். பிறகு காந்தத்தை வெளியே உருவினால், ஒட்டியதெல்லாம் காகிதத்தில் உதிர்ந்துவிடும். கவர் இல்லாமல் வைத்தால் அந்தப் பொடியைச் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ரோட்டோர மண்ணில் கிடைத்த கறுப்புப் பொடி, வீட்டுத் தோட்ட மண்ணில் கிடைத்ததைவிடக் கண்கூடாகவே அதிகம். சரி, அதெல்லாம் மாசுதானா? அப்படிச் சொல்லிவிட முடியாது. பல்லாவரம் மலையே சார்னோகைட் பாறை. கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகைப் பாறைதான், அதை வைத்து அந்தப் பெயர் வந்தது. இந்தப் பாறையில் இயற்கையாகவே மேக்னடைட் என்ற, காந்தத்தில் ஒட்டும் இரும்புத் தாது உண்டு. மெரினாவில் அலை ஒதுக்கும் கறுப்பு மணலிலும் காந்தம் ஒட்டும்.

அதனால் பொடியை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். பாறையிலிருந்து வந்த மணிகள் கோணல்மாணலாக, உடைந்த முனைகளோடு இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே பளபளவென்று கடுகைவிடப் பல மடங்கு சின்ன உருண்டைகள். சில உருண்டைகளுக்கு உள்ளே வெற்றிடம், ஊசியால் அழுத்தினால் நொறுங்குகின்றன. உருகிய இரும்பு காற்றில் துளியாகி உறைந்தால்தான் இந்த வடிவம் வரும். வெல்டிங் பட்டறை, நிலக்கரி எரியும் உலை போன்ற இடங்களின் கைவரிசை இது. தகடு தகடாக இருப்பவை துருவும் பிரேக் தேய்மானமுமாக இருக்கலாம்.

இன்னொரு சோதனை ஆழம். ஒரே இடத்தில் மேல்மண்ணையும் ஒரு சாண் கீழே உள்ள மண்ணையும் எடுத்தேன். உருண்டைகள் மேலேதான் அதிகம். பாறையிலிருந்து வந்திருந்தால் கீழேயும் இருந்திருக்க வேண்டும். ரோடு போடும்போது மண்ணைப் புரட்டிக் கொட்டிய இடங்களில் இந்தக் கணக்கு எடுபடாது.

ஈயம், செம்பு, துத்தநாகம் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் பிரேக் லைனிங்கில் செம்பு இருக்கிறது, டயரில் துத்தநாகம் இருக்கிறது. இரும்புத் துகள் விழும் இடத்திலேயே அவையும் விழுகின்றன. அதனால்தான் ஆய்வாளர்கள் மண்ணின் காந்த ஏற்புத்திறனை (காந்தப் புலத்தில் அது எந்த அளவு காந்தமாகிறது என்பதை) முதலில் அளந்து, எங்கே ரசாயனச் சோதனை செய்வது என்று முடிவு செய்கிறார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-இல் நின்றுபோனாலும், அந்த ஈயம் மண்ணைவிட்டு எளிதில் போகாது. பழைய பெயின்ட் ஈயமும் அப்படித்தான். காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை என்பதால் அந்த மண்ணில் கீரை போடலாம் என்று நான் சொல்லமாட்டேன்.

அந்த ஏற்புத்திறனை நானே அளந்து பார்க்க, இப்போது பி.வி.சி. குழாயில் செம்புக் கம்பி சுற்றி ஒரு காயில் (கம்பிச்சுருள்) செய்திருக்கிறேன். மண்ணை உள்ளே வைத்தால், காயிலோடு சேர்ந்து அதிரும் மின்சுற்றான ஆசிலேட்டரின் அதிர்வெண் இறங்குகிறது. 100 கிலோஹெர்ட்ஸில் சில பத்து ஹெர்ட்ஸ்தான் வித்தியாசம். ஃபேன் காற்று பட்டாலே அந்த அளவுக்கு நகர்ந்துவிடுகிறது! அதனால் ஒவ்வொரு மண்ணுக்கும் முன்னும் பின்னும் காலிக் குழாயை ஒருமுறை அளந்து, சராசரியைக் கழிக்கிறேன். காயிலைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைப்பதுதான் அடுத்த வேலை.